ஓலைமுனை மருமகனும் கோப்பையும்

என் அக்காவின் கணவர் யோரிஸ், ஹொலண்டில் பதினைந்து வருடம் சம்பளத்துக்குப் பந்தடித்தவர். இடதுபக்கப் பின்களம். முதலாம் பிரிவு அல்ல, இரண்டாம் பிரிவு. அதை நீங்கள் கேட்க முதலே அவரே சொல்லிவிடுவார். கலியாண வீடுகளில் எங்கள் ஆட்கள் யாராவது அவரைப் பிடித்து, நீங்கள் ஹொலண்ட் தேசிய அணிக்கு அடித்தவராமே என்று வாயைப் பிளந்தால், இல்லை, என்னை ஒருதரும் கூப்பிடவில்லை, நான் அவ்வளவு திறம் இல்லை என்று நல்ல தமிழில் விளக்கி, அந்த மனிசனின் சந்தோசத்தை நின்ற இடத்திலேயே அணைத்துவிடுவார். பக்கத்தில் நிற்கிற நான் பல்லைக் கடிப்பேன். சும்மா ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுப் போனால் என்ன குடி முழுகியா போகும்?

அத்தானுக்குப் பொய் வராது. கெட்டித்தனம் என்று நான் சொல்லவில்லை. சிலருக்கு விசிலடிக்க வராதே, அந்த மாதிரி ஒரு குறை. நானும் அவரும் ஒருவரையொருவர் முதலில் கண்ட நாளே, எனக்குக் கைகொடுத்துவிட்டு, நீ கோல்காப்பாளனாய் நில், உன்னைச் சுற்றிக்கொண்டு வரப் பந்துக்கு நேரம் எடுக்கும் என்றவர். அக்காவை அவர் சந்தித்த கதையும் அதே மாதிரித்தான். மன்னாரிலிருந்து அகதியாய்ப் போய் ஹொலண்டில் ஒரு சின்ன ஊரில் எங்கள் குடும்பம் இறங்கியபோது, மெற்றில்டா அக்காவுக்கு அவருடைய கழகத்து உணவுச்சாலையில் உருளைக்கிழங்கு பொரிக்கிற வேலை. எல்லா ஆட்டக்காரர்களும் அவளைப் பார்த்துப் பல்லிளித்துக்கொண்டு சாப்பிட, இந்த மனிசன் மாத்திரம் தட்டைத் திருப்பிக் கொண்டுவந்து, உப்புக் கூடிப்போச்சு என்றாராம். அக்கா கரண்டியை அவர் கையில் கொடுத்து, அப்ப நீ பொரி என்றாளாம். பொரித்திருக்கிறார். அதுவும் சரிவரவில்லையாம், அதையும் அவரே சொன்னாராம். இப்படியும் காதல் வருமென்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

அவர் மனதில் ஒரேயொரு ஆறாத சாமான் இருந்தது. அந்தப் பதினைந்து வருடத்தில் அவர் ஒரு கோப்பைகூடத் தூக்கினதில்லை. அவர் இருந்த அணிகள் இரண்டாவதாய் வரும், நான்காவதாய் வரும். ஒரேயொரு முறை அவர் அணி கோப்பை எடுத்தது. அதற்கு இரண்டு மாதம் முதல் அவரை வேறு கழகத்துக்கு விற்றுவிட்டார்கள். சரி, போகட்டும் என்று விடவும் முடியாது, ஏனென்றால் லண்டன் ஹரோவில் அவருடைய வீட்டு ஷோகேஸைத் திறந்தால் கோப்பை சரிந்து விழும். மகள் டிலக்சனா சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பேச்சுப்போட்டிக்கு வாங்கினது, மனனப்போட்டிக்கு வாங்கினது, பேச வந்துவிட்டுப் பாதியில் அழுததற்கு ஆறுதலாய் வாங்கினது. அக்காவுக்கு ஒன்றுகூடல் ஒன்றில் சங்கீதக் கதிரைக்குக் கிடைத்தது. என் பழைய கயிறிழுத்தல் கோப்பையையும் இடமில்லாமல் அங்கேதான் வைத்திருக்கிறேன். அந்த வீட்டில் கோப்பையில்லாத ஒரே ஆள், பந்தடித்துச் சாப்பிட்ட ஆள். ஒருநாள் அந்த ஷோகேஸைத் துடைத்துக்கொண்டு நின்றவர், சாவுக்கு முதல் எனக்கும் ஒருக்கா தூக்கவேணும் ஜெராட் என்றார்.  பேய்க்கதை கதையாதீங்கோ அத்தான் என்று ஏசிவிட்டு வந்தேன்.

இனி அப்பாவைச் சொல்லவேண்டும். அவர் பெயர் செபமாலைமுத்து. மன்னாரில் எங்கள் ஊரான ஓலைமுனையின் கத்தோலிக்கக் கோயிலில் மூப்பராய் இருந்தவர். பூசைக்கு யார் பிந்தி வந்தது, யார் வீட்டுப் பிள்ளை யாரோடு கதைத்தது எல்லாம் அவருக்கு வாய்ப்பாடு. அப்படிப்பட்டவரின் மகள் ஒரு ஹொலண்ட்காரனோடு ஒரே வீட்டில் போய் இருந்தாள், பிள்ளை பெற்றாள், பிள்ளைக்கு மூன்று வயதானபிறகு ஒரு வெள்ளிக்கிழமை நகரசபைக் கட்டடத்தில் கையெழுத்து வைத்தாள். அந்த நாட்டில் அது ஒரு விசயமே இல்லை. அப்பா அந்தக் கையெழுத்துக்குப் போகவில்லை. அம்மாவையும் என்னையும் போகவிடவில்லை.

ஆனால் ஊர் கேட்குமே. ஆகவே அப்பா ஒரு கலியாணத்தைத் தானே செய்துவைத்தார். பிள்ளை பிறக்கிறதற்கு முந்தின வருடம் ஹொலண்டில் கோயிலில் நடந்தது, பனி கொட்டினதால் ஒருவரையும் கூப்பிட ஏலாமல் போனது என்று தொலைபேசியில் சொன்னார். அடுத்த வருடம் கதையில் பாடகர் குழு வந்தது. நாங்கள் எல்லோரும் லண்டனுக்கு வந்து சேரும்போது அந்தக் கலியாணத்துக்கு ஹொலண்ட் பிஷப்பே வந்து ஆசீர்வாதம் கொடுத்திருந்தார். கலியாணம் வருடா வருடம் பெரிதாகிக்கொண்டு போனது.

அத்தானுக்கு இதைச் சொன்னபோது அவர் கடைசிவரைக்கும் கேட்டார். பிறகு, நான் பொய் சொல்லமாட்டேன், ஆனால் ஒருவரும் கேட்காவிட்டால் நானாகச் சொல்லவும் மாட்டேன் என்றார். அன்றிலிருந்து ஒருவரும் கேட்காமல் பார்த்துக்கொள்கிறது எங்கள் குடும்பத்தின் முழுநேர உத்தியோகமாய்ப் போனது. யாராவது அத்தானிடம், உங்கட கலியாணம் எங்க... என்று தொடங்கினால் அம்மாவுக்குத் தலைசுற்றும். அக்கா சோடாவை ஊற்றுவாள். நான் ஒருமுறை வேறு வழியில்லாமல் மேசை விரிப்பை இழுத்துவிட்டேன், கேக்கும் போய்விட்டது.

லண்டனுக்கு ஏன் வந்தோம் என்று கேட்காதீர்கள். ஹொலண்ட் பாஸ்போட் கையில் கிடைத்ததும் அந்த நாட்டுத் தமிழர் பாதிப் பேர் பிள்ளைகளுக்கு இங்கிலிஷ் படிப்பென்று சொல்லி இங்கே வந்தார்கள், நாங்களும் வந்தோம். அத்தானும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். கிழமை நாட்களில் விமான நிலையத்துப் பொதிப் பகுதியில் வேலை. சனிக்கிழமைகளில் ஒரு வெள்ளைக்காரக் கழகத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பயிற்சி. அதுவும் நீடிக்கவில்லை. ஒரு தாய் வந்து, என் மகன் எப்படி விளையாடுகிறான் என்று கேட்டிருக்கிறாள். அவனுக்குப் பந்தில் விருப்பமில்லை, புல்லில்தான் விருப்பம், தோட்டவேலைக்கு விடுங்கள் என்றிருக்கிறார்.

அந்த நேரம் பார்த்து எங்கள் ஓலைமுனை விளையாட்டுக் கழகத்துக்குப் பயிற்சியாளர் இல்லை. லண்டனில் எங்கள் ஆட்கள் ஊருக்கு ஒரு கழகம் வைத்துக்கொண்டு கோடையில் அடிபடுவது உங்களுக்குத் தெரியும். அப்பா கழகத் தலைவர், ஆயுட்காலத் தலைவர். அவர் சொல்லி நான் கேட்டு அத்தான் வந்தார். ஒரே அறையில் இரண்டுபேரும் இருப்பார்கள்; அப்பா என்னைப் பார்த்து, கோச்சிட்டைச் சொல்லு என்பார். நான் திரும்பி அத்தானைப் பார்ப்பேன். அத்தான், கேட்டது என்பார்.

கோச் என்று பேர்தானே ஒழிய அணியைத் தெரிவுசெய்கிறது நிர்வாகசபை. வீட்டுக்கு ஒரு ஆள் எடுக்கவேண்டும், இல்லையென்றால் அந்த வீடு கோயில் திருநாளுக்குக் காசு தராது. நடுக்களம் ஜேர்சி அடித்துத் தந்தவரின் மகனுக்கு. முன்னுக்கு நிற்கிறவன் செயலாளரின் மருமகன், அவனுக்குத் திரும்பி ஓட ஏலாது. கோலில் நான், தலைவரின் மகன். அத்தான் முதல் நாள் எங்களை வரிசையாய் நிறுத்தி, ஒவ்வொருவரையும் பார்த்து, கொழுப்பு, கொழுப்பு, சோம்பல், கொழுப்பு, நீ பரவாயில்லை ஆனால் பயந்தாங்கொள்ளி என்று சொல்லிக்கொண்டு போனார். மூன்று குடும்பம் எங்களோடு கதைக்கிறதை விட்டது.

அப்படிப்பட்ட அணி போன கோடையில் இறுதியாட்டத்துக்கு வந்தது. எப்படி என்று கேளுங்கள். முதல் ஆட்டத்தில் எதிர் அணியின் கோல்காப்பாளர் தொலைபேசியில் கதைத்துக்கொண்டு நின்றார். இரண்டாவதில் மழை, பூவா தலையா போட்டார்கள். அரையிறுதியில் மற்ற அணி முழுக்க பெரியபிள்ளையான ஒரு பெண்ணின் சாமத்திய வீட்டுக்குப் போய்விட்டது. ஊரவர் வீடு, போகாமல் இருக்க ஏலாது. அத்தான் மைதானத்தின் நடுவில் நின்று வானத்தைப் பார்த்தார். ஜெராட், இன்னும் ஒரு ஆட்டம்தான் என்றார். ஐம்பத்தைந்து வயது மனிசன், கண் கலங்கியிருந்தது.

இறுதியாட்டம் கிங்ஸ்பரிப் பக்கத்து மைதானம் ஒன்றில். மங்கள விளக்கு, அகவணக்கம், வரவேற்புரை, தலைமையுரை, அப்பாவுக்கும் பிரதம விருந்தினராய் வந்த பங்குச் சுவாமிக்கும் பொன்னாடை எல்லாம் முடிந்து பந்து உருளும்போது வெயில் சாய்ந்துவிட்டது. எதிர் அணி கல்லுப்புலம். அதன் தலைவர் யோகலிங்கம். இந்த யோகலிங்கத்தார் யாரென்று சொல்லிவிடுகிறேன். ஹொலண்டில் எங்கள் ஊரிலேயே இருந்தவர். அத்தானின் நகரசபைக் கலியாணத்துக்கு வந்து கேக் சாப்பிட்டவர். இவ்வளவு காலமும் வாயைத் திறக்காத நல்ல மனிசன்தான். ஆனால் அவருடைய மகள் பிரசாந்தினி போன வருடம் ஒரு பொடியனோடு கலியாணமில்லாமல் வீடெடுத்துப் போனபோது, எங்கள் அப்பா ஒரு பொதுக்கூட்டத்தில் ஒலிவாங்கியைப் பிடித்து, எங்கட ஊர்ப் பிள்ளையள் அப்பிடிச் செய்யாதுகள் என்று சொல்லிவிட்டார். யோகலிங்கத்தார் அன்றைக்கு எழும்பிப் போனவர் பிறகு அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

இடைவேளையில் நாங்கள் ஒன்றுக்குப் பூச்சியம் முன்னுக்கு நின்றோம். சத்தியமாய். பந்து செயலாளரின் மருமகனின் முதுகில் பட்டு உள்ளே போனது. அத்தான் என் தோளைப் பிடித்து உலுப்பினார். அந்த நேரம் எங்கள் ஆட்டக்காரர் ஜெரோசனும் சுஜீத்தும் பையைத் தூக்கிக்கொண்டு வந்து, அண்ணை, ஷிப்ட் என்றார்கள். இரண்டுபேரும் ஹவுன்ஸ்லோவில் இருந்து விமான நிலைய வேலைக்குப் போகிறவர்கள். ஆட்டம் இவ்வளவு பிந்துமென்று யாருக்குத் தெரியும்? போய்விட்டார்கள். மாற்று ஆட்டக்காரர் என்று இருந்த ஒருவன் கொத்து ரொட்டி வரிசையில் நின்று கால் பிரட்டிக்கொண்டான். ஒன்பது பேர். அத்தான் ஒன்றும் பேசாமல் காருக்குப் போய்த் தன் பழைய சப்பாத்தை எடுத்து வந்து கட்டத் தொடங்கினார். பத்துப் பேரென்றால் பிடித்து நிறுத்தலாம், ஜெராட், நான் இடப்பக்கம் பார்க்கிறேன் என்றார். காலையிலிருந்து அவர் வயிற்றுக்குள் ஒரு வாழைப்பழத்தைத் தவிர வேறொன்றும் போகவில்லை, அவ்வளவு பதற்றம்.

சட்டப்படி அவர் ஆடலாம். ஊரில் பிறந்தவர், ஊரவரின் பிள்ளை, ஊர்ப் பெண்ணைக் கலியாணம் கட்டிய மருமகன் எவரும் ஆடலாம். பதிவுக் கலியாணமும் கலியாணம்தான். ஆனால் அதில் ஒரு கொழுவல் இருந்தது. முந்தி ஒரு கழகம் எங்கேயோ பார்க்கில் பந்தடித்துக்கொண்டு நின்ற ஒரு கானா நாட்டுப் பொடியனைக் கொண்டுவந்து இறக்கி, எங்கள் மருமகன் என்றது. மனைவியின் பெயரென்ன என்று கேட்டால் அவன் கழகத்தின் பெயரைச் சொன்னான். அதற்குப் பிறகு, மருமகனாய் ஆடுகிறவர் சபைமுன் ஒலிவாங்கியைப் பிடித்து மனைவியின் பெயர், எந்த வருடம், எந்த இடத்தில் கலியாணம் என்று தன் வாயால் சொல்லவேண்டும் என்று விதி போட்டார்கள். உலகத்தில் வேறெங்கும் பந்தடிக்க இப்படி ஒரு விதி இருக்காது.

அந்த விதியை நான் மறந்துபோனேன். யோகலிங்கத்தார் மறக்கவில்லை. எழும்பி வேட்டியை உதறிவிட்டு, விதி விதிதானே, கேளுங்கோ என்றார். கேக் சாப்பிட்ட மனிசன் கையைக் கட்டிக்கொண்டு அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. அத்தான் உண்மையைச் சொன்னால் பந்தடிக்கலாம், ஆனால் பிள்ளைக்கு மூன்று வயதில் நகரசபையில் கலியாணம் என்று ஊர் முழுக்கக் கேட்கும், சுவாமியும் கேட்பார். அப்பாவின் பிஷப், பாடகர் குழு, பனி எல்லாம் அந்த மைதானத்தில் கிழியும். அப்பாவின் பொய்யைத் திருப்பிச் சொன்னால் யோகலிங்கத்தார் அடுத்த நிமிசமே ஒலிவாங்கியை வாங்குவார்.

அறிவிப்பாளர் ரதீசன் தன் மேடைத் தமிழில், நெதர்லாந்து தேசம் ஈன்றெடுத்த எம் ஊர் மருமகனே, தங்கள் இல்லத்தரசியின் திருநாமம் யாதோ என்றார். அத்தான், மெற்றில்டா என்றார். சனம் கைதட்டியது. தங்கள் திருமணம் எவ்வாண்டு, எவ்விடத்தில்?

நான் விரிப்பு ஏதாவது இழுக்க இருக்கிறதா என்று சுற்றுமுற்றும் பார்த்தேன். புல்லுத்தான் இருந்தது. அக்கா சோடாப் போத்தலோடு அசையாமல் நின்றாள். முன்வரிசைக் கதிரையில் அப்பா, பக்கத்தில் சுவாமி. எண்பது வயதுக் கிழவன். அவர் கண்ணை மூடிவிட்டார். அத்தான் அவரைப் பார்த்தார். மேசையில் வைத்திருந்த கோப்பையைப் பார்த்தார்.  இந்த மனிசன் சொல்லத்தான் போகிறார், வேறென்ன தெரியும் இவருக்கு என்று நினைத்தேன்.

அத்தான் ஒலிவாங்கியை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"மன்னிக்கவேணும்," என்றார். "எனக்கு வயித்தாலை போகுது. விளையாட ஏலாது."

நாலு பக்க ஒலிபெருக்கியிலும் அது போனது. சுவாமி குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்தார். கொத்து ரொட்டிக் கடை துசியந்தி அக்கா கரண்டியோடு வெளியே வந்து, என்ர கடையில ஆள் ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்கேல்லை, கர்த்தருக்குப் பொதுவாய்ச் சொல்லுங்கோ என்று கத்தத் தொடங்கினாள். அத்தான் ஒலிவாங்கியை ரதீசனிடம் கொடுத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினார். நடிப்பென்றால் படுமோசம். வயிற்றைப் பிடிக்கிற இடமே பிழை, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஓடினார். ஓடிப்போய் மைதானத்து மூலையில் வைத்திருந்த நீல நிறப் பிளாஸ்டிக் கக்கூசுக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. அந்தச் சிரிப்பில் கலியாணத்தைப் பற்றி யார் கேட்கப் போகிறார்கள்? யோகலிங்கத்தார் கொஞ்ச நேரம் நின்றார், பிறகு மெல்லக் கதிரையில் இருந்தார். ஒன்றும் விளங்காத இங்கிலிஷ்கார நடுவர் ஊதினார்.  ஐம்பத்தைந்து வயதில் முதல் பொய். அதையும் இப்படியா சொல்லவேண்டும், முருங்கைக்காய் மாதிரி நீட்டி நிமிர்ந்து, ஊர் முழுக்கக் கேட்க!

ஒன்பது பேரோடு என்னத்தை ஆடுகிறது. கோல் விழத்தொடங்கியது. நான் பாய்ந்தேன், விழுந்தேன், முதுகு நாரி முறிந்தது. மூன்றாவது கோல் எந்தப் பக்கத்தால் போனதென்று எனக்கு இன்றைக்கும் தெரியாது, ஏனென்றால் அப்போது நான் பந்தைப் பார்க்கவில்லை. அப்பா கதிரையை விட்டு எழும்பி, தடியை ஊன்றி, கோட்டோரமாய் நடந்து அந்த நீலப் பெட்டிக்கு முன்னால் போய் நின்றார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண் அவசரமாய் வந்தாள். அப்பா கையை நீட்டி மறித்தார். "உள்ளுக்கை என்ர மருமகன் இருக்கிறார், பிள்ளை," என்றது கோலடிவரைக்கும் கேட்டது. "மற்றப் பக்கத்தாலை போ."

நாலுக்கு ஒன்று. ஊதி முடிந்ததும் நான் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு அங்கே போனேன். மேடையில் யோகலிங்கத்தார் கோப்பையை வாங்குகிற சத்தம், வெடிச் சத்தம். அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. கதவோடு நெற்றி முட்டுமாப்போல நின்று உள்ளே கதைத்துக்கொண்டிருந்தார். அவ்வளவு வருடத்தில் அந்த மனிசனோடு அவர் நேரே கதைத்து நான் கண்டதில்லை. நான் கொஞ்சம் தள்ளியே நின்றுவிட்டேன்.

"அண்டைக்கு," என்றார் அப்பா. "அந்தக் கந்தோரில. கையெழுத்து வைக்கேக்கை. டிலக்சனா என்ன செய்தவள்?"

 உள்ளேயிருந்து அத்தானின் குரல், வழக்கம்போல உள்ளதை உள்ளபடி. "அழுதவள், மாமா. பெரிசா. ஏன் எண்டு கேட்டன். தாத்தா இன்னும் வரேல்லை எண்டவள். அவள் உங்களுக்கெண்டு தனக்குப் பக்கத்தில ஒரு கதிரை பிடிச்சு வைச்சவள். ஒருதரையும் இருக்க விடேல்லை."

அப்பா தடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். 

"நான் வந்திருக்கவேணும், மருமகன்," என்றார்.

"ஓம்," என்றார் அத்தான் உள்ளேயிருந்து. "வந்திருக்கவேணும்."

பிறகு தாழ்ப்பாள் இழுபடுகிற சத்தம் கேட்டது.